ஆயுத பூஜைத் தட்டில் ஒரு கம்ப்யூட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் ஒரு பிரிண்டர் வாங்கிக்கொண்டு வந்தான். ஒயரைச் செருகினான், கைபேசியில் எதையோ தட்டினான், காகிதம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நான் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு சித்தி? மாட்டினா ஓடும்" என்றான்.

மாட்டினால் ஓடுமாம்! எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம். அவனிடம் சொல்லிப் பயனில்லை, கொட்டாவி விடுவான். அதனால் உங்களிடம் சொல்கிறேன். கைபேசியைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு படிக்கிற என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். இது தற்பெருமைக் கதை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் எழுந்து போய் ஒரு காபி போட்டுக்கொள்ளுங்கள். எனக்கும் சேர்த்துப் போடுங்கள்.

அப்போது நாங்கள் மண்ணூர்பேட்டையில் இருந்தோம். தொழிற்பேட்டையை எஸ்டேட் என்போம், எஸ்டேட்டின் சங்கு ஊதினால் எங்கள் தெருவில் அத்தனை வீட்டிலும் உலை இறங்கும். அப்பா ஃபிட்டர். நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் எல்லாருமே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர்தான் முதலில் கம்பெனி கேட்டுக்குள் காலை வைத்தவர். அவர் காக்கிச் சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து இரும்புத் தூள் கொட்டும், அந்த எண்ணெய் வாடை எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. நைனா கை வைத்துத் துடைத்து மாட்டிய மிஷின் ஒரு தடவைகூட மக்கர் செய்ததில்லை என்று கம்பெனியில் சொல்வார்கள். அவர்கள் சொல்கிறார்களோ இல்லையோ, நைனா வாரத்துக்கு ஒரு தரம் எங்களிடம் சொல்லிவிடுவார்.

நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம், கம்பெனி ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதை ஸ்கிராப்பில் போடப் போனார்கள். நைனா போய்க் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். அதைக் கோணிச் சாக்கில் சுற்றி, மீன்பாடி வண்டியில் ஏற்றி, தானே பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லாம் அக்காவுக்காக. அக்கா என்னைவிட ஏழு வயது பெரியவள். பிளஸ் டூ முடித்துவிட்டு, தெருமுனை இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் டிப்ளமோவும் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள்.

"இன்னாயா இது, டிவி பொட்டியாட்டம் கீது? படம் வருமா?" என்றாள் அம்மா.

"படம் வராது. சோறு வரும்" என்றார் நைனா.

வந்த பெட்டி ஓடவில்லை. அக்காவின் இன்ஸ்டிட்யூட்டில் மிஷின்களைப் பிரித்துப் பூட்டுகிற அண்ணன் ஒருவர் இருந்தார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அவர் வந்து கட்டில்மேல் பழைய பெட்ஷீட்டை விரித்து, பெட்டியை வைத்து மூடியைக் கழற்றினார். நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். நைனா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"பாக்கணும்னா கைய பின்னால கட்டிகினு பாரு. தொட்ட, தோல உரிச்சிடுவேன்."

கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று மாதமும் நான் அந்தப் பெட்டியைப் பார்த்தது இப்படித்தான். கை முதுகுக்குப் பின்னால், மூக்கு மட்டும் பெட்டிக்குள்.

ஆனால் கண்ணை யார் கட்ட முடியும்? உள்ளே பச்சையாய் ஒரு பலகை. அதில் கோடு கோடாக ஓடி, குட்டிக் குட்டிக் கட்டடங்களில் போய் முடிந்தன, எங்கள் எஸ்டேட் தெருக்கள் போல. அதுதான் மதர்போர்டு. அதில் குத்தி நின்ற சீப்பு போன்ற துண்டு ரேம், அதற்குக் கரண்ட் இருக்கும்வரைதான் ஞாபகம். ஹார்ட் டிஸ்க் என்பது பூட்டிய இரும்பு டப்பா, கரண்ட் போனாலும் மறக்காது. கம்பெனியிலிருந்து வந்த ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருந்தது, அண்ணன் வேறு ஒன்று கொண்டுவந்து மாட்டினார். ஒவ்வொன்றையும் மாட்டும்போது அக்காவுக்குச் சொல்வார். எனக்கும் காது இருந்தது.

கடைசியாக நான்கு ஃபிளாப்பிகளை அக்கா கையில் கொடுத்தார்.

"சிஸ்டர், பார்ட்ட வாங்கி மாட்டிட்டா மட்டும் வேல முடிஞ்சிராது. ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு பாஷ கீது. அது பேசறது பொட்டிக்குப் புரியாது, பொட்டி பேசறது அதுக்குப் புரியாது. நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் சொல்றதுக்கு ஒரு ப்ரோக்ராம் ஓணும், அதான் டிரைவர். இதுல நாலாவது ஃபிளாப்பி, உங்க ஸ்கூல் மிஸ் பிரிண்டர் தரேன்னாங்களே, அதோட டிரைவர். வேற எங்கயும் கெடைக்காது. பத்திரம்."

அக்காவுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்கு நொடியில் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டில் தெலுங்குக்காரர்கள். மாமியாருக்குத் தமிழ் வராது. கீரைக்காரி வந்தால் மருமகள் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டும். மருமகள் தாய்வீடு போய்விட்டால் அந்த வீட்டில் கீரை கிடையாது. மாமியார் இருப்பார், கீரைக்காரியும் இருப்பாள், கையில் கீரையும் இருக்கும். ஆனாலும் குழம்பு கொதிக்காது.

பிரிண்டர் விஷயம் இதுதான். நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு யாரோ ஒரு பிரிண்டரைத் தானமாகக் கொடுத்திருந்தார்கள். அதை ஓட்டத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. தலைமையாசிரியை அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். பவுடர் வாசனையும் கஞ்சி போட்ட பருத்திப் புடவையுமாக இருப்பார், அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"காலாண்டு ரேங்க் கார்டு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தாம்மா. பூஜா லீவு முடிஞ்சு திங்கட்கிழமை காலையில என் மேஜையில இருக்கணும். இருந்தா, அன்னைலேர்ந்து நீதான் இங்க கம்ப்யூட்டர் மிஸ்."

"இல்லன்னா மிஸ்?"

"இல்லன்னா மேனேஜ்மென்ட்டு வேற ஆளப் பாக்கச் சொல்லுவாங்க. நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

வீட்டில் நைனாவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. பள்ளிக்கூட வேலை கிடைக்கவில்லை என்றால் அதே திங்கட்கிழமை அக்கா துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் போய் நிற்க வேண்டும், சூப்பர்வைசரிடம் பேசியாகிவிட்டது. அது ஒன்றும் கேவலமான வேலை இல்லை, எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் அதில்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். தலையணையை உதறினாலே நெஞ்சு விசில் அடிக்கும். பஞ்சுத் தூசிக்குள் எட்டு மணி நேரம் அவள் எப்படி மூச்சு விடுவாள் என்று நான்தான் கவலைப்பட்டேன். நைனா சொன்னது, "போவப் போவப் பயகிடும்."

ஆயுத பூஜை வந்தது. எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் அது தீபாவளிக்கு அண்ணன். ஒரு வாரம் முன்பிருந்தே மிஷின்களைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, பெயிண்ட் அடிப்பார்கள். கேட்டுக்குக் கேட்டு வாழைக்கன்று, ரோடெல்லாம் குங்குமம் தடவிய பூசணிக்காய்ச் சில்லு, சைக்கிள் வழுக்கிவிடும். நைனா பொரியும் சுண்டலும் ஒரு பெரிய காகிதப் பையில் கொண்டுவருவார். கம்பெனி பூஜை முந்தின நாளே முடிந்துவிடும், அன்றைய தினம் எங்கள் வீட்டு பூஜை. நைனாவின் சொந்த டூல் பாக்ஸ் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரும்.

அன்று காலை அக்கா மார்க் ரிஜிஸ்டர் வாங்கத் தலைமையாசிரியை வீட்டுக்குப் போயிருந்தாள். நைனா ஸ்பானர்களையெல்லாம் துடைத்து முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"எல்லா மிஷினையும் கயட்டித் தொடச்சாச்சு. இது மட்டும் அயுக்கா நிக்கலாமா?"

"நைனா, வோணாம் நைனா. அக்கா வரட்டும்."

"நீ கைய கட்டு."

கட்டினேன். அவர் மூடியைக் கழற்றினார். கழற்ற வருவதையெல்லாம் கழற்றினார். ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பித்தது, அதன் ஸ்க்ரூவுக்குப் பொருத்தமான முனை அவரிடம் இல்லை. பனியன் துணியால் ஒவ்வொன்றையும் துடைத்துச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். ரேமுக்கும் சந்தனம், குங்குமம். பிறகு எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். மதர்போர்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்தது தட்டு. பூப் போட்ட பெரிய தகரத் தட்டில் ஸ்பானர், அளவெடுக்கிற வெர்னியர், அதோடு அவருடைய உயிருக்கு உயிரான டயல் ஸ்டாண்டு. மிஷினில் சுற்றுகிற பாகம் மயிரிழை விலகினாலும் காட்டிக் கொடுக்கிற டயலை இதில் மாட்டுவார்கள். அடியில் கனத்த கட்டை, பக்கத்தில் ஒரு திருகு. திருகைத் திருப்பினால் கட்டை இரும்பைக் கவ்விக்கொள்ளும், நாலு பேர் இழுத்தாலும் வராது. தட்டில் அது சாயாமல் நிற்க வேண்டுமே என்று நைனா திருகைத் திருப்பி 'டக்' என்று நிறுத்தினார். "அக்காவோட ஆயுதம் எங்க?" என்று கேட்டு அந்த நான்கு ஃபிளாப்பிகளைத் தானே எடுத்து, ஸ்டாண்டின் கட்டையில் சாய்த்து வரிசையாக நிற்க வைத்தார். நாலுக்கும் குங்குமம். கற்பூரம் காட்டினார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமை எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அப்பனின் ஆயுதமும் மகளின் ஆயுதமும் ஒரே தட்டில்!

பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலை, நல்ல நேரம் பார்த்து அக்கா சுவிட்சைப் போட்டாள். திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து 'பீ... பீ...' என்று நீளமாக ஒரு சத்தம், விட்டு விட்டு.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "இவதான்! எப்பப் பாரு அதுக்குள்ளயே மூஞ்ச வுட்டுகினு கெடந்தா. இன்னாத்த புடுங்கின சொல்லு!"

"நான் தொடவே இல்லமா."

"வாய மூடு." கையில் கரண்டி இருந்தது. தோளில் ஒன்று விழுந்தது.

நைனா ஒன்றும் பேசவில்லை. தான் துடைத்து மாட்டிய மிஷின் மக்கர் செய்யும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவே இருக்காது. அதை இப்போது யோசித்தால் புரிகிறது, அப்போது வயிறு எரிந்தது.

அழுகையை அடக்கிக்கொண்டு அக்கா காதில் சொன்னேன். "அந்த நீளச் சத்தம் ரேமுக்குத்தான் வரும்னு அண்ணன் சொன்னாரு. சீப்ப நேரா அமுக்கக் கூடாது. சாச்சி வெச்சி நிமித்தணும், ரெண்டு பக்கமும் கிளிப்பு பூட்டணும். நைனா நேரா அமுக்கிட்டாரு."

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தாள். "நீயே பண்ணு" என்றாள்.

கை முன்னால் வந்தது. ரேமை எடுத்துப் பார்த்தால், அடியில் பல்வரிசை மாதிரி இருக்கிற தங்க நிறக் கோடுகள்மேல் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. என் ஜியாமெட்ரி பாக்ஸில் ஒரு ரப்பர் வைத்திருந்தேன், பழ வாசனை அடிக்குமே, பாதி ரோஸ் பாதி பச்சை, நீங்களும் கடித்துப் பார்த்திருப்பீர்கள். அதை வைத்து மெதுவாகத் தேய்த்தேன். கோடுகள் பளிச்சென்றாயின. சாய்த்து வைத்து நிமிர்த்தினேன், 'டக்' என்று கிளிப் இரண்டும் பூட்டின. சுவிட்சைப் போட்டால் ஒரே ஒரு குட்டிச் சத்தம், திரையில் எழுத்து ஓடியது. பதின்மூன்று வயதில் அந்த நிமிடம் எனக்குக் கொம்பு முளைத்தது. இன்னும் விழவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

கொம்போடு நான் திரிந்தது மத்தியானம்வரைதான். பள்ளிக்கூடத்து பிரிண்டரை நைனா சைக்கிள் கேரியரில் டியூப் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். ஒயரை மாட்டி, அக்கா நாலாவது ஃபிளாப்பியைச் செருகினாள். பெட்டி 'கரக் கரக்' என்று சுரண்டியது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. மறுபடி செருகினாள், மறுபடியும் அதேதான். மூன்றாவது, இரண்டாவது, முதல், ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

அண்ணன் பூஜா லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார். அவர் கொடுத்திருந்த நம்பருக்கு பூத்திலிருந்து போட்டுப் போட்டுப் பார்த்தோம், மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. திங்கட்கிழமை சாயந்திரம்தான் வருவேன் என்று அக்காவிடம் முன்பே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"காலைலயே இவள கைய வைக்க வுட்டீங்க இல்ல? கெடுத்துட்டா, மொத்தமா கெடுத்துட்டா" என்றாள் அம்மா. இந்த முறை அக்காகூட எனக்காகப் பேசவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள், அழுததில் நெஞ்சு விசில் அடித்தது. நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி வுடு. திங்கக்கெயம எக்ஸ்போர்ட்டு கம்பெனிக்குப் போலாம்" என்றார்.

எனக்குத் தூக்கம் வருமா? நான் ரேமைத்தான் தொட்டேன். ஃபிளாப்பியைத் தொடவே இல்லை. பின்னே எப்படி நாலும் ஒரே நாளில் போகும்? நாலும் சேர்ந்து எங்கே இருந்தன? தட்டில் இருந்தன. தட்டில் என்ன இருந்தது?

வெள்ளிக்கிழமை அக்கா ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் ஒரு ஃபிளாப்பியை எடுத்து, அக்கா செய்வதைப் பார்த்திருந்தபடியே அழித்துப் புதிதாக்கினேன். என் பெயரை அடித்து அதில் ஏற்றினேன். ஒழுங்காகப் படித்தது, அதாவது ஃபிளாப்பி உடையவில்லை. பிறகு டயல் ஸ்டாண்டின் திருகைத் திருப்பி, அந்தக் கட்டையில் ஃபிளாப்பியைச் சாய்த்து வைத்து, நூறு எண்ணிவிட்டு எடுத்துச் செருகினேன். கரக் கரக். என் பெயர் போய்விட்டது.

சாயந்திரம் நைனா ஷிஃப்ட் முடிந்து வந்து சோப்புத்தூள் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"நைனா, பூஜ அன்னிக்கு டயல் ஸ்டாண்டு ஆன்ல இருந்துச்சா, ஆஃப்ல இருந்துச்சா?"

"ஆன்லதான். இல்லாங்காட்டி சாஞ்சிடும்ல? ஏன்?"

"சும்மாதான்."

அவர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த ஃபிளாப்பியைப் பார்த்தார். நுரைக் கை அப்படியே நின்றது. ஸ்டாண்டின் கட்டைக்குள் இருப்பது காந்தம். காந்தம் என்ன செய்யும் என்று ஃபிட்டருக்கா தெரியாது? ஃபிளாப்பிக்குள் இருப்பதும் காந்த எழுத்துதான் என்பது அவருக்கு அந்த நொடியில்தான் உறைத்திருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

அன்று இரவும் அம்மா என்னைத்தான் திட்டினாள். நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போட்டு உடைத்துவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் 'நைனாவின் பூஜையால்தான் கெட்டது' என்று என் வாயால் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தத் தட்டை அவர் எப்படிப் பார்த்தார் என்று நான் பார்த்திருந்தேனே.

சரி, திட்டு வாங்கியாகிவிட்டது, இனி வேலையைப் பார்ப்போம் என்று சனிக்கிழமை பிரிண்டரோடு வந்திருந்த புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். எல்லாம் இங்கிலீஷ். எட்டாம் வகுப்பு இங்கிலீஷும் ஒரு கிழிந்த டிக்‌ஷனரியும்தான் துணை.

"புஸ்தகத்த விரிச்சி வெச்சிகினு இன்னா, ஜோசியமா பாக்குற?" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடைத்தது. கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். இந்த பிரிண்டரின் மூடிக்கு அடியில் குட்டிச் சுவிட்சுகள் உண்டு, அதில் மூன்றாவதைத் தள்ளினால், இது இன்னொரு கம்பெனி பிரிண்டர் மாதிரி நடந்துகொள்ளும். அந்த இன்னொன்றின் பெயரைப் படித்ததும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. எங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பட்டியல் உண்டு, அதில் இருக்கிற பிரிண்டர்களுக்கெல்லாம் டிரைவர் முன்பே உள்ளே இருக்கும், ஃபிளாப்பி வேண்டாம். எங்கள் பிரிண்டர் அதில் இல்லை. ஆனால் இந்தப் பெயர் இருந்தது!

பக்கத்து வீட்டு மாமியாருக்குத் தமிழ் வராது, ஆனால் மகனோடு பம்பாயில் இருந்ததால் ஹிந்தி வரும். குல்ஃபிக்காரன் வந்தால் மருமகளைக் கூப்பிடாமல் தானே பேசி வாங்கித் தின்பார். அதேதான் இது. பிரிண்டருக்கு இன்னொரு பாஷை தெரியும், அந்தப் பாஷைக்கு ஆள் நம் வீட்டிலேயே இருக்கிறது.

"அக்கா! எய்ந்திரு!"

கொண்டை ஊசியால் அரிசி அளவு சுவிட்சைத் தள்ளினேன். அக்கா பட்டியலில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து, விஜயதசமி அன்றே உள்ளே ஏற்றி வைத்திருந்த மார்க்குகளை அடிக்கக் கொடுத்தாள். பிரிண்டர் 'க்ரீச் க்ரீச்' என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு அடித்தது. வந்ததெல்லாம் கோணல் மாணலான குறிகள், கட்டம், இதயம், அம்பு, பாதி எழுத்து. ஒரு தாள், இரண்டு தாள், நிறுத்த முடியவில்லை. அக்கா கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"போதும். நீ ஒண்ணும் பண்ண வேணாம். நான் கம்பெனிக்கே போறேன்."

"இரு, இரு." புத்தகத்தை மறுபடி பார்த்தேன். கட்டத்துக்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி. பிரிண்டர் அந்தச் சுவிட்சுகளைப் பார்ப்பது கரண்ட் வரும் முதல் நொடியில் மட்டும்தான். நான் அதை அணைக்காமலே தள்ளியிருந்தேன், அது இன்னும் பழைய பாஷையிலேயே நின்றுகொண்டிருந்தது. அக்கா பிடுங்கிய ஒயரை நான் மறுபடி செருகினேன். சுவிட்சைப் போட்டேன். "இன்னொரு வாட்டி குடுக்கா."

அவள் கொடுத்தாள். மேலே பள்ளிக்கூடத்தின் பெயர் வந்தது. கோடு நேராக வந்தது. கட்டம் வந்தது, கட்டத்துக்குள் மார்க் வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். எந்தக் கார்டு முதலில் வர வேண்டும் என்று யார் முடிவு செய்தார்களோ, வந்தது என்னுடையது. கணக்கில் முப்பத்தெட்டு. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

மத்தியானம் முழுக்க அந்தக் கத்தல். நான் தாளின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற ஓட்டை போட்ட நாடாவைக் கிழித்தேன், அக்கா வெட்டினாள். அம்மா மைதாப் பசை காய்ச்சிக் கொண்டுவந்து வைத்து, அட்டைகளில் ஒட்டவும் உட்கார்ந்தாள். மன்னிப்பெல்லாம் நம் அம்மாக்களுக்கு வாயால் வராது, பசை வாளியில்தான் வரும். அந்த நாடாக்களைப் பின்னி வளையல் செய்து ரொம்ப நாள் போட்டிருந்தேன், எங்கே போனதோ.

திங்கட்கிழமை காலை கார்டுகள் மேஜைமேல் இருந்தன. தலைமையாசிரியை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "எங்க மிஸ்ஸுக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்று ஆயாவிடம் சொன்னாராம். அக்கா அதை வீட்டுக்கு வந்து எத்தனை முறை சொன்னாள் என்று எண்ணவில்லை.

அன்று மாலை என் ரேங்க் கார்டை நைனாவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். கணக்கில் முப்பத்தெட்டுக்கு வழக்கமாக முதுகில் இரண்டு உண்டு. தயாராகத்தான் நின்றேன். அவர் மார்க்கைப் பார்க்கவே இல்லை. அச்சடித்த எழுத்துகள்மேல் கட்டை விரலால் ஒரு தரம் தடவினார். எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார்.

"தட்டுல காந்தத்த வெச்சது நான்தான்" என்றார், அம்மாவைப் பார்த்து. "ஃபிளாப்பி அதால போச்சி. பொட்டியில சந்தனத்த அப்புனதும் நான்தான். இவ எதையும் கெடுக்கல."

அம்மா கரண்டியோடு சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தாள். "நாலு நாளா வாயில இன்னா கொயுக்கட்டையா வெச்சிருந்த? கொயந்தய நான் அட்ச்சேன்யா!"

"தெரியும்." கார்டை என் கையில் கொடுத்தார். "இவளுக்கு வெள்ளிக்கெயமயே தெரியும். சொல்லல."

ஏன் அந்த நாலு நாள் என்று அவரை நான் கேட்டதில்லை. இப்போது எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் செய்த தப்பை அவர்கள் தலையில் விழவிட்டு, பேசாமல் சோற்றைப் பிசைந்த நாட்கள் எனக்கும் உண்டு. எல்லார் முன்னாலும் சொல்வதற்கு எனக்கு நாலு நாளைவிட அதிகமாகத்தான் ஆகியிருக்கிறது. நைனா என்னைவிடத் தேவலை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை. அக்கா பள்ளிக்கூடத்து லேபில் பூஜை போடப் போயிருந்தாள், இரண்டு மிஷின் வைத்த லேப், அவளுடைய லேப். நைனா இரண்டு தட்டு கொண்டுவந்தார். டயல் ஸ்டாண்டு வைத்த தட்டைச் சமையல்கட்டின் கடைசி மூலைக்குக் கொண்டுபோய், திருகு ஆஃபில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தார். கட்டில்மேல் பெட்ஷீட்டை விரித்தார். கம்ப்யூட்டரைத் தூக்கி அதன்மேல் வைத்தார். அவருடைய சொந்த ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து, கைப்பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"நீ தொற. நான் பாத்துகினு கீறேன்."

வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். நைனா ஓரடி தள்ளி நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.